மேலே பறக்கும் கதவு, பின்னால் சறுக்கும் கதவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்க் கதவுக்குக் கீலும் லாக்கும் செய்து தரும் ஒரு கம்பெனியில் 14 வருஷம் வேலை பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டால் போதும், பந்தியில் ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுவார். 2025 ஜூலையில் எம்ஜி சைபர்ஸ்டர் நம் ஊரில் விற்பனைக்கு வந்து, கதவு தானாக மேலே எழும்பும் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்த பிறகு கேள்விகள் இரட்டிப்பாகிவிட்டன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"லம்போர்கினி கதவு, கல்விங், பட்டர்ஃப்ளை எல்லாம் ஒண்ணுதானே? மேலதானே போகுது?"

ஒன்றில்லை. கீல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், வகை தெரிந்துவிடும். கூரையின் நடுப்பக்கம் கீல் இருந்து, கதவு சிறகு போல விரிந்தால் கல்விங். கல் என்பது இங்கே கடற்காகம். மெர்சிடிஸ் 300 எஸ்எல், டிலோரியன் இரண்டும் இந்த வகை. கீல் முன்பக்கம், முன்கண்ணாடியைத் தாங்கும் தூணின் அடியில் இருந்து, கதவு பக்கவாட்டில் விரியாமல் அதே தளத்தில் மேலே சுழன்றால் சிசர். லம்போர்கினி கவுன்டாக் அப்படி. சைபர்ஸ்டரும் இந்த இனம்தான்.

பட்டர்ஃப்ளை இரண்டுக்கும் நடுவில் உள்ளது. ஒரு கீல் அடியில், இன்னொன்று கண்ணாடித் தூணின் மேலே. அதனால் கதவு மேலேயும் போகும், வெளியேயும் சாயும். மெக்லாரன் எஃப்1, பிஎம்டபிள்யூ ஐ8 இப்படி. 1990இல் வந்த டொயோட்டா செரா என்ற சின்னக் காரிலும் இதே கதவுதான். மெக்லாரன் எஃப்1 கதவுக்கான யோசனை செராவைப் பார்த்துக் கிடைத்தது என்று அதை வடிவமைத்த கார்டன் மரேயே சொல்லியிருக்கிறார். பல கோடி ரூபாய் கார் ஒரு சாதாரண டொயோட்டாவிடம் பாடம் படித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"சாதாரணக் கதவுல என்ன குறை? நல்லாத்தானே இருக்கு?"

நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கீல், ஒரு லாக், நடுவில் கதவை நிறுத்திப் பிடிக்க ஒரு பட்டை. எடையை மேலே தூக்க வேண்டியதில்லை. மூடும்போது கதவின் ஓரத்தில் ஓடும் பீடிங் ரப்பர் சுற்றிலும் ஒரே திசையில் அழுந்துவதால் மழைத் தண்ணீர் அநேகமாக உள்ளே வராது. கார்த் தொழிற்சாலைகளில் பெயிண்ட் முடிந்ததும் கதவுகளைக் கழற்றித் தனி வரிசையில் அனுப்பிவிடுவார்கள். சீட்டும் டேஷ்போர்டும் பொருத்தி முடித்த பிறகு திரும்ப மாட்டுவார்கள். முன்பக்கக் கீலில் அது சில நொடி வேலை.

குறை ஒன்றுதான், பக்கத்தில் இடம் கேட்கும். நம் ஊரில் வழக்கமாக ஒரு காருக்கு ஒதுக்கும் இடம் 2.5 மீட்டர் அகலம். கார் 1.8 மீட்டர் என்றால், இரண்டு காரும் நட்டநடுவில் நின்றாலும் இடையில் 70 சென்டிமீட்டர்தான். 1.1 மீட்டர் நீளக் கதவு அங்கே ஏறக்குறைய 40 டிகிரிக்கு மேல் திறக்காது. முழுசாகத் திறந்தால் 65, 70 வரை போகிற கதவு அது. பக்கத்துக் கார்க்காரர் கோட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தால் நீங்கள் டிக்கி வழியாகத்தான் ஏற வேண்டும். மற்ற எல்லா வகைக் கதவும் இந்த ஒரு குறையைத் தீர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அதற்கு என்ன விலை வாங்குகிறது என்பதே கேள்வி.

"முதல்ல மேல திறக்கிற கதவ ஸ்டைலுக்குத்தான செஞ்சாங்க?"

இல்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். 1952 பந்தயத்துக்காக மெர்சிடிஸ் கட்டிய காருக்கு மெல்லிய குழாய்களை வலைபோலப் பின்னிய சட்டகம். எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அந்தக் குழாய்கள் கதவு வர வேண்டிய இடத்தில் உயரமாக ஓடின. அவற்றை அறுத்தால் உறுதி போய்விடும். மிஞ்சிய ஓட்டையில் சாதாரணக் கதவு வைத்தால் ஜன்னல் அளவுதான் வரும். அதனால் கூரையையும் சேர்த்துத் திறந்தார்கள். அந்தக் கார் அதே வருஷம் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தது. அதன் சாலை வடிவம்தான் 1954இல் வந்த 300 எஸ்எல். கதவு வந்த பிறகும் ஏறுவது லேசில்லை. உயரமான விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே விட இடம் வேண்டும் என்று ஸ்டியரிங் வீலையே மடித்துச் சாய்க்கும்படி செய்திருந்தார்கள்.

சிசர் கதவின் பிறப்பில் ஸ்டைலுக்குப் பங்கு உண்டு. கார் வடிவமைப்பாளர் மார்செல்லோ கான்டினி 1968இல் ஆல்ஃபா ரோமியோ கராபோ என்ற மாதிரிக் காரில் முதலில் வைத்தார். பிறகு அதையே கவுன்டாக்கில் கொண்டுவந்தார். அகலமான, பின்னால் எதுவுமே தெரியாத கார் அது. ரிவர்ஸ் எடுக்க ஓட்டுநர்கள் கதவை மேலே தூக்கிவிட்டு, வெளி விளிம்பில் உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஒரு காலால் பெடலை மிதிப்பார்கள். சாதாரணக் கதவாக இருந்திருந்தால் சுவரில் இடித்திருக்கும்.

"மழைல கல்விங் கதவத் திறந்தா சீட்டு நனையுமா?"

நனையும். கூரையில் நிற்கும் தண்ணீர் கதவோடு சாய்ந்து நேரே உங்கள் மடியில் விழும், இல்லையென்றால் சட்டைக் காலரில். திறந்து நிற்கும்போது குடை மாதிரி இருக்குமே என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும்வரை அது உண்மை.

பெரிய தொல்லை பீடிங். கூரையில் அறுத்த இடத்தில் ரப்பர் கிடைமட்டமாக இருக்கும், தண்ணீர் அதன் மேலேயே தேங்கும். நம் வெயிலில் ரப்பர் சில வருஷத்தில் இறுகிவிடும். அதன் பிறகு ஐப்பசி மழையில் கூரை ஓரத்திலிருந்து சொட்ட ஆரம்பித்தால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை.

"கல்விங் காருக்கு ஏன் ஜன்னல் அவ்ளோ குட்டியா இருக்கு?"

கண்ணாடி கீழே இறங்கக் கதவுக்குள் இடம் வேண்டும். வளைந்த கதவுக்குள் அது கிடைக்காது. 300 எஸ்எல்லில் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வைப்பார்கள். 1981இல் வந்த டிலோரியனில் பெரிய கண்ணாடிக்குள் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் இறங்கும், கையை விட்டு டோல் காசு நீட்டுகிற அளவுக்கு. நமக்கு ஃபாஸ்டேக் வந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஏசி போன காரில், செங்கல்பட்டு வெயிலில், அந்தக் குட்டி ஜன்னலோடு நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

"எங்க அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல பீம்ல முட்டுமே?"

முட்டலாம். தளத்தின் உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதற்குக் கீழே பீம், பீமுக்குக் கீழே தண்ணீர்க் குழாய், ஸ்ப்ரிங்ளர், கேபிள் தட்டு. உங்கள் இடத்துக்கு நேர் மேலே எது தொங்குகிறதோ அதுதான் கணக்கு. இன்றைய மின் கதவுகளில் சென்சார் உண்டு, தடை தெரிந்தால் பாதியில் நின்றுவிடும். டெஸ்லா மாடல் எக்ஸின் பின்கதவில் நடுவிலும் ஒரு மடிப்பு வைத்து, இடத்துக்கு ஏற்ற மாதிரி மடங்கி ஏறும்படி செய்தார்கள். ஆனால் பாதியில் நின்ற கதவுக்கு அடியில் நீங்கள் குனிந்து, தவழ்ந்துதான் வர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கையால் மூடும் கல்விங்கில், உட்கார்ந்த பிறகு கைப்பிடி தலைக்கு மேலே எங்கோ இருக்கும். உயரம் குறைந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே உட்கார வேண்டும். டிலோரியனில் அதற்காகவே ஒரு பட்டை தொங்கும், டவுன் பஸ் கைப்பிடி மாதிரி.

"கார் கவுந்து தலைகீழா நின்னா இந்தக் கதவத் திறக்கவே முடியாதே?"

சரியான கேள்வி. நான் கேட்டதிலேயே இதற்குத்தான் முதல் மார்க். கூரையில் கீல் உள்ள கதவு, கார் கூரையின் மேல் கவிழ்ந்து கிடக்கும்போது எங்கே விரியும்? மெர்சிடிஸ் 2010இல் எஸ்எல்எஸ் ஏஎம்ஜி என்று கல்விங்கைத் திரும்பக் கொண்டுவந்தபோது இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. கீல்களில் சிறிய வெடி போல்ட்டுகள். கார் கவிழ்ந்ததை சென்சார் உணர்ந்தால் போல்ட் வெடித்துக் கீல் விட்டுப்போகும், கதவைத் தள்ளிவிட்டு வெளியே வரலாம். ஏர்பேக்கை விரிப்பதும் இதே மாதிரி ஒரு சிறு வெடிதான்.

முன்பக்கக் கீல் உள்ள சாதாரணக் கதவும் கவிழ்ந்த காரில் சட்டகம் நசுங்கி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நாலு கதவு இருந்தால் நாலு வாய்ப்பு. இரண்டு கதவும் ஒரே திசையில் திறந்து, அந்தத் திசையை மண் அடைத்துக்கொண்டால் வாய்ப்பே இல்லை.

"மின்சாரக் கதவுன்னா, பேட்டரி செத்துட்டா உள்ளயே மாட்டிக்குவோமா?"

கையால் திறக்க ஒரு வழி எங்கேயாவது இருக்கும். எங்கே என்பதில்தான் வம்பு. மாடல் எக்ஸின் பின்கதவில் ஸ்பீக்கர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கேபிளை இழுக்க வேண்டும். பகலில், நிதானமாக, ஒருமுறை செய்து பார்த்தவருக்கு முடியும். புகைக்கு நடுவே பின்சீட்டில் இருக்கும் எட்டு வயசுக் குழந்தைக்கு?

இந்தக் கவலை வினோதக் கதவோடு நிற்கவில்லை. கதவோடு ஒட்டிப் பதுங்கும் கைப்பிடிகள் இப்போது நம் ஊர்க் கார்களிலும் வந்துவிட்டன, டாடா கர்வ், மஹிந்திரா எக்ஸ்யூவி 700 எல்லாவற்றிலும். விபத்தில் மின்சாரம் போய்க் கைப்பிடி வெளியே வராமல் நின்றால், காப்பாற்ற ஓடி வருகிறவர் எதைப் பிடித்து இழுப்பார்? 2027 ஜனவரி 1 முதல் புதுக் கார்களில் உள்ளேயும் வெளியேயும் கையால் இயங்கும் திறப்பு கட்டாயம் என்று சீனா விதி போட்டிருக்கிறது. புதுக் கார் எடுக்கும்போது ஷோரூம்காரரிடம் மைலேஜ் கேட்கும் முன்பு இதைக் கேளுங்கள்: "கரண்ட் இல்லாம இந்தக் கதவ எப்படித் திறக்கணும்? இப்பவே காட்டுங்க."

"சூசைட் டோர்னு ஏன் அப்படி ஒரு பேரு?"

கீல் பின்பக்கம் இருக்கும் கதவு அது. ஓடும் காரில் லாக் விட்டுவிட்டால், சாதாரணக் கதவைக் காற்று அழுத்தி மூடப் பார்க்கும். இந்தக் கதவை அதே காற்று பிடுங்கித் திறக்கும். பழைய லாக்குகள் பலவீனம், சீட் பெல்ட் கிடையாது, திறந்த கதவை எட்டிப் பிடிக்கப் போனவர் அதோடு போய்விடுவார். பேர் அப்படி வந்தது.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் மட்டுமில்லை. 1950களில் இங்கே ஓடிய ஃபியட் 1100 கார்களின் முன்கதவு இப்படித்தான் திறந்தது. பிறகு வந்த 1100 டி மாடலில் கீலை முன்னுக்கு மாற்றினார்கள். வேட்டி கட்டியவர்களுக்குப் பழைய கதவே சௌகரியம் என்று என் தாத்தா சொல்வார். திரும்பி நின்று அப்படியே உட்காரலாம், எழுந்தால் நேராக நடக்கலாம்.

"ஆபத்துன்னா ரோல்ஸ் ராய்ஸ் மட்டும் ஏன் இன்னும் அதே கதவ வைக்குது?"

தாத்தா சொன்ன காரணத்துக்காகத்தான். 2003 ஃபேன்டமிலிருந்து பின்கதவு அப்படி. இறங்குகிறவர் குனிந்து நெளிந்து வராமல், எழுந்து முன்னால் அடி எடுத்து வைக்கலாம். உட்கார்ந்த பிறகு கதவைக் கை நீட்டிப் பிடிக்க முடியாது என்பதால் மூடுவதற்கு ஒரு பொத்தான்.

ஆபத்தைத் தீர்த்தது லாக். பல நாடுகள் சேர்ந்து வாகனங்களுக்கு உலகப் பொது விதி எழுத ஆரம்பித்தபோது, 2004இல் வந்த முதல் விதியே கதவு லாக், கீல் பற்றியதுதான். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த விதிப்படி, பின்பக்கக் கீல் உள்ள தனிக் கதவின் உள் கைப்பிடி, வண்டி 4 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் வேலை செய்யக் கூடாது. கதவு சரியாக மூடவில்லை என்றால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை வர வேண்டும்.

"நடுவுல தூணே இல்லாம ரெண்டு கதவும் எதிரெதிரா திறக்குற கார்ல, பக்கத்துல இடிச்சா நசுங்கிடாதா?"

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் அந்தத் தூண் இல்லாமல் இல்லை, அது கதவுக்குள் ஒளிந்திருக்கிறது. மஸ்டா ஆர்எக்ஸ்-8இல் பின்கதவின் முன்விளிம்பிலேயே உறுதியான தூண் போன்ற அமைப்பு வைத்து, மேலேயும் கீழேயும் சட்டகத்தோடு பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். முன்கதவைத் திறக்காமல் பின்கதவு திறக்காது. 2007இல் வந்த ஜப்பானின் டைஹட்சு டான்டோ இன்னும் நல்ல உதாரணம். ஒரு பக்கம் மட்டும் தூண் கதவுகளுக்குள் போய்விட்டது. முன்கதவு சாதாரணமாகத் திறக்கும், பின்கதவு சறுக்கும், இரண்டையும் திறந்தால் வீட்டு வாசல் மாதிரி அகலம். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை வைத்திருக்கும் அம்மாவை மனதில் வைத்துச் செய்த கார்.

ஆனால் தூண் வேறு வேலைகளும் செய்கிறது. முன்சீட்டு பெல்ட் அதில்தான் மாட்டியிருக்கும். தூண் இல்லையென்றால் பெல்ட் எங்கே போகும்? டொயோட்டா எஃப்ஜே க்ரூஸரில் பின்கதவிலேயே வைத்தார்கள். அதனால் பின்னால் இருப்பவர் இறங்க முன்னால் இருப்பவர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கதவை ஓங்கி ஓங்கி அடித்ததில் பெல்ட் மாட்டிய இடத்துத் தகடு விரிசல் விடலாம் என்று தெரிந்து, 2013இல் டொயோட்டாவே லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கதவு என்பது தினமும் அடி வாங்கும் பொருள். உயிர் காக்கும் பெல்ட்டை அதில் தொங்கவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

"இதெல்லாம் விட நம்ம ஓம்னி கதவு பெஸ்ட் இல்லையா?"

ஆமாம். சிரிக்காமல்தான் சொல்கிறேன். 1984இல் மாருதி வேனாக வந்து, ஓம்னி என்று பேர் மாறி, 2019 வரை ஓடிய அந்த வண்டியின் சறுக்குக் கதவுதான் நம் நாட்டில் அதிகம் பேர் தொட்டுப் பழகிய வினோதக் கதவு. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் இருந்தால் முழுசாகத் திறக்கும். உயரம் கேட்காது. கவிழ்ந்தாலும் கல்விங் மாதிரி மண்ணோடு மல்லுக்கட்டாது. நாலு பேர் ஒரே நேரத்தில் ஏறலாம். சினிமாக்காரர்கள் கடத்தலுக்கு அதையே பிடித்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான். ஓடிக்கொண்டே திறந்து மூடச் சாதாரணக் கதவு ஒத்துழைக்காது.

எங்கள் வீட்டில் 11 வருஷம் ஒரு ஓம்னி இருந்தது. அதன் கதவை மூட ஒரு பக்குவம் உண்டு. மெதுவாக இழுத்தால் கடைசி நாலு விரல் தூரத்தில் நின்றுவிடும். அங்கே ரெயில் உள்பக்கமாக வளைகிறது, கதவு சறுக்குவதை விட்டு உள்ளே நுழைய வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். அப்பா கைப்பிடியைப் பிடித்து, உடம்பை ஒரு அடி பின்னுக்குச் சாய்த்து, "டர்ர்ர்... டப்" என்று ஒரே இழுப்பில் மூடுவார். அம்மாவுக்கு அது கடைசிவரை வசப்படவில்லை. கோயில் வாசலில் மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பூக்காரம்மாவைக் கூப்பிடுவார்.

"அவ்ளோ நல்லதுன்னா எல்லா காருக்கும் ஏன் அத வைக்கல?"

சறுக்குக் கதவுக்கு மூன்று ரெயில் வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடு ரெயில் வண்டியின் பின்பக்க வெளித்தகட்டில். கதவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குப் பின்னால் நேரான பக்கச்சுவர் இருக்க வேண்டும். வேனில் இருக்கும். ஸ்விஃப்டில் அந்த இடத்தில் பின்சக்கரமும் வளைவும் இருக்கிறது. கதவுக் கண்ணாடி முழுசாக இறங்குவதும் கஷ்டம். பெட்ரோல் மூடி அதே பக்கம் இருந்தால், மூடி திறந்திருக்கும்போது கதவு பின்னால் வந்து பைப்பில் இடிக்காமலிருக்கத் தனியாக ஒரு தடுப்பு. இதெல்லாம் காசு, எடை.

பெஜோ ஒருமுறை துணிந்து பார்த்தது. 2005 வாக்கில் வந்த 1007 என்ற குட்டிக் காருக்கு இரு பக்கமும் மின்சாரச் சறுக்குக் கதவு. நகரத்துக்கு நல்ல யோசனை. ஆனால் சின்னக் கார் கனத்துப்போனது, விலை ஏறியது, விற்கவில்லை. 2009இல் நிறுத்திவிட்டார்கள். ஜப்பானில் மட்டும் கதை வேறு. அங்கே சின்ன கார்களையே பெட்டி மாதிரி உயரமாக, நேரான சுவரோடு செய்கிறார்கள். ஹோண்டா என்-பாக்ஸ் மாதிரியான கார்களில் சறுக்குக் கதவு சர்வசாதாரணம். 2017இல் வந்த டொயோட்டா டாக்ஸியில் பயணி ஏறும் இடப்பக்கப் பின்கதவும் சறுக்குவதுதான்.

"கதவத் திறக்கும்போது பைக்காரன் வந்து மோதுறான். இதுக்கு எந்தக் கதவு நல்லது?"

மோதுவதைத் தவிர்க்கச் சறுக்குக் கதவு, மேலே எழும் சிசர் கதவு இரண்டும் நல்லது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது குறைவு. மோசமானது பின்பக்கக் கீல் கதவு. பின்னாலிருந்து வரும் பைக் சாதாரணக் கதவில் மோதினால் கதவு முன்னால் மடங்கிப் போகும். பின்பக்கக் கீல் கதவில் மோதினால் அது மூடப் பார்க்கும், நடுவில் இறங்கிக்கொண்டிருக்கும் உங்கள் கால் மேல்.

ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. திறந்த சாதாரணக் கதவு, "இங்கே ஆள் இறங்குகிறார்" என்று பின்னால் வருகிறவருக்குக் காட்டும் பலகை. சறுக்குக் கதவில் அந்த அறிவிப்பு கிடையாது. பள்ளிக்கூட வேனிலிருந்து குழந்தை குதிப்பதுதான் முதல் அறிகுறி. ஆகவே சறுக்குக் கதவு உள்ள வண்டியில் சாலைப் பக்கக் கதவுக்குச் சைல்ட் லாக் போட்டுவிட்டு, இடப்பக்கம் மட்டும் இறக்குங்கள். இதே காரணத்தால் 2007இல் வந்த மினி கிளப்மேனை பிரிட்டனில் திட்டித் தீர்த்தார்கள். பின்சீட்டுக்கென்று இருந்த ஒற்றைச் சின்னக் கதவு வலப்பக்கம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் அந்த நாட்டில் குழந்தைகள் நடுரோட்டில் இறங்க வேண்டியதாயிற்று.

"அம்மாவுக்கு மூட்டு வலி. எந்தக் கதவு உள்ள வண்டி எடுக்கலாம்?"

கதவைவிட சீட்டின் உயரத்தை முதலில் பாருங்கள். உட்காரும்போது முட்டி இடுப்பைவிட மேலே போகக் கூடாது. அதற்குப் பிறகு கதவு. சாதாரணக் கதவு அகலமாகத் திறந்தால் போதும். கிட்டத்தட்ட 80, 90 டிகிரி திறக்கும் கார்களும் கிடைக்கின்றன. சாதாரணக் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம். சறுக்குக் கதவில் பிடிக்க ஒன்றும் இருக்காது, தூணில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். வேன் தரை உயரமாக இருந்தால் ஒரு படி வேண்டும். மேலே திறக்கும் கதவு எதுவும் வேண்டாம். அவை தாழ்வான கார்களுக்கு வருகிறவை, மேலே சொன்ன உயரமான விளிம்பும் சேர்ந்தே வரும்.

"என் ஸ்விஃப்டுக்கு லம்போ கிட் மாட்டித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். மாட்டலாமா ப்ரோ?"

வேண்டாம் தம்பி. முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து ஆனால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் கதவைத்தான்.

சட்டத்தை விடுங்கள், இரும்பைப் பார்ப்போம். உங்கள் கதவு பக்கவாட்டில் தொங்குவதற்காகச் செய்தது. கிட்டில் இரண்டு கீலையும் கழற்றிவிட்டு ஒரே சுழல் கீல் போடுவார்கள், எடையைக் கேஸ் ஷாக் என்ற வாயு அடைத்த தண்டு தாங்கும். கேஸ் ஷாக் நிரந்தரமில்லை, டிக்கிக் கதவு சில வருஷத்தில் தலையில் விழ ஆரம்பிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெரிந்த பையன் ஒருவன் ஒரு டிங்கரிங் கடையில் இதை மாட்டினான். ஆறு மாதத்தில் கதவு ஒரு விரல் தொங்கிவிட்டது. மூடும்போது லாக் கொக்கியில் உட்கார்வதற்கு முட்டியால் தூக்கிக்கொடுக்க வேண்டும். கதவு லாக்குக்கு இரண்டு படி உண்டு, முதல் படி அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. அவன் வண்டி எப்போதும் அரைப்பூட்டில் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்த நான் வழியெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

"இதையெல்லாம் தாண்டி, இன்னும் விசித்திரமா ஏதாவது உண்டா?"

பிஎம்டபிள்யூ இசெட்டாவுக்குக் கதவே முகத்தில்தான், ஃப்ரிட்ஜ் மாதிரி. ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து வெளியே வரும். முன்னால் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் கூரைத் துணியைத் திறந்து ஏறி வர வேண்டியதுதான். 1954 கைசர் டாரினில் கதவு முன்னால் சறுக்கி மட்கார்டுக்குள் போய்விடும், 435 கார்தான் செய்தார்கள். எனக்குப் பிடித்தது 1989இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்1. கதவு அப்படியே கீழே இறங்கிப் பக்க விளிம்புக்குள் ஒளிந்துகொள்ளும். கதவை இறக்கிவிட்டே ஓட்டலாம். மேலே இடம் வேண்டாம், பக்கத்தில் இடம் வேண்டாம். பதிலுக்கு அந்த விளிம்பு முட்டி உயரம், தாண்டித்தான் ஏற வேண்டும். 8,000 கார்களோடு நின்றுபோனது.

"பழைய ஓம்னியோ ஈகோவோ எடுக்கப் போறேன். கதவுல என்ன பார்க்கணும்?"

வண்டியைச் சரிவில் நிறுத்தச் சொல்லுங்கள், மூக்கு கீழே பார்க்கிற மாதிரி. கதவை முழுசாகத் திறந்துவிட்டுக் கையை எடுங்கள். பிடிப்பு சரியாக இருந்தால் நிற்கும். தானாக ஓடிவந்து மூடினால் குழந்தை விரல் வைக்கிற வீட்டுக்கு அது ஆகாது, பிடிப்பை மாற்றிய பிறகே எடுங்கள். அடுத்து, பாதி திறந்த நிலையில் கதவின் பின்விளிம்பை மேலே தூக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் நடு ரோலர் தேய்ந்துவிட்டது. ரோலர் பெரிய செலவில்லை, ஆனால் அதோடு ஓட்டியதில் ரெயிலும் தேய்ந்திருந்தால் டிங்கரிங் வேலை.

கடைசியாகக் கீழ் ரெயிலில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். மணலும் கிரீஸும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக வந்தால், யாரோ சுத்தம் செய்யாமலேயே மேலே மேலே கிரீஸ் தடவியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, பிறகு லேசாகத் தடவினால் போதும். எங்கள் ஓம்னியை விற்ற அன்று வாங்க வந்தவர் இதைச் செய்துதான் விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்தார்.